பாதுக்கை மண்ணும் மாமாவின் யூரியாவும்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பல்கனியில் யூரியா மூட்டை வைத்திருந்த குடும்பம் எங்களைத் தவிர வேறு இருந்திருக்காது. கடற்காற்றின் ஈரம் பட்டு அது முதலில் கல்லானது. பிறகு ஓரத்தால் கசிந்து ஒழுகி, மனைவியின் கறிவேப்பிலைச் சாடியை நாலு நாளில் கருக்கியது. யூரியா காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பசளையைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்தவற்றில் அது மிகச் சின்ன விஷயம்.

காணி கொழும்பு மாவட்டத்துப் பாதுக்கையில். 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். 2012இல் வீடு கட்டும் எண்ணத்தில் வாங்கினோம். பிள்ளைகளின் படிப்புக்குக் காசு போனதால் வீடு வரவில்லை, மாமா வந்தார். என் மனைவியின் தகப்பன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். 1995 இடப்பெயர்வோடு தோட்டம் கைவிட்டுப் போய், அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து, 15 வருடத்துக்கு மேல் வெள்ளவத்தைச் சந்தைக்கும் கடற்கரைக்கும் நடந்தே பொழுதைக் கழித்தவர். காணியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போன அன்று குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசித்துப் பார்த்தார்.

"தம்பி, இது எங்கட செம்மண் மாதிரிக் கிடக்கு. இதிலை வீடு கட்டுறது பாவம்" என்றார்.

நிறம் ஒன்றாக இருந்ததுதான் வினை.

முன்பு இறப்பர் நின்ற நிலம். சருகு உக்கிய கறுப்பு மேல்மண் ஒரு சாண் அளவு இருந்தது, அதற்குக் கீழே கபுக் என்கிற இறுகிய செம்பாறை மண். 2013 சிறுபோகத்தில் சோளன் போட்டோம். அது முடிய கௌபி, ஓரமாய்ப் பயிற்றை, வேலிக்கரையில் மரவள்ளி. பசளைக் கணக்கு முழுவதும் மாமாவுடையது: போகத்துக்கு ஒரு மூட்டை யூரியா, அரை மூட்டை டி.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை), கை நினைத்த அளவு எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை). ஊரில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் செய்த தோட்டத்தின் கணக்கு அது. கால் ஏக்கருக்கு 50 கிலோ யூரியா என்பது மிகவும் கூட என்று இப்போது தெரிகிறது. அன்று யார் கேட்டார்கள்? முதல் இரண்டு வருடமும் சோளன் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது. சனிக்கிழமைகளில் சாக்கு நிறையப் பொத்திகள் கொண்டுவந்து மாடி மாடியாகக் கொடுத்தோம். எங்கள் கட்டிடத்தின் காவலாளி மாமாவை அப்போதே 'சோளன் தாத்தா' ஆக்கிவிட்டார்.

நாலாவது வருடம் பயிர் சறுக்கியது. சோளன் இடுப்பளவில் நின்றுவிட்டது, கீழ் இலைகளில் ஊதா ஓடியது. மாமாவுக்கு அந்த நிறம் தெரியும். பொசுபரசு காணாது என்றார். டி.எஸ்.பி.யைக் கூட்டினோம், ஊதா போகவில்லை. யூரியாவைக் கூட்டினோம், பச்சை கொஞ்சம் ஏறியதே தவிர உயரம் வரவில்லை. 2017 பெரும்போகத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வேர் நுனிகள் தடித்து, குட்டையாய், மண்ணிறமாய், கோழிக்கால் மாதிரி இருந்தன. ஒரு சாணுக்குக் கீழே வேர் போகவே இல்லை. கௌபியின் வேரில் முடிச்சுகளைத் தேட வேண்டியிருந்தது. அகப்பட்ட ஒன்றிரண்டை நகத்தால் பிளந்தால் உள்ளே வெள்ளை. காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கௌபி போடும் எவரும் செய்து பார்க்கக்கூடிய, காசு செலவில்லாத சோதனை இது. பூக்கும் நேரத்தில் இரண்டு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் போதும்.

சரி, மண்ணைச் சோதிப்போம் என்று புறக்கோட்டையில் ஒரு கடையில் இரண்டு கம்பி குத்திப் புளிப்பைப் பார்க்கும் பி.எச். மானி வாங்கினேன். 7 என்றால் நடுநிலை, எண் இறங்க இறங்கப் புளிப்புக் கூட. காணியில் குத்தினேன், 7 என்றது. பக்கத்துக் காணியில் குத்தினேன், 7 என்றது. சந்தேகத்தில் வீட்டில் வினாகிரிக்குள் விட்டேன், அதற்கும் 7. மகள் அதை இப்போதும் வரவேற்பறையில் ஒரு பூச்சாடியில் குத்தி வைத்திருக்கிறாள்.

பிறகு கமநல சேவை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த விவசாயப் போதனாசிரியைக்கு என் அரைகுறைச் சிங்களம் விளங்கியது பெரிய காரியம். அவர் முதலில் கேட்டது மண் மாதிரியை எப்படி எடுப்பேன் என்று. ஒரு பொலித்தீன் பையில் கொஞ்சம் அள்ளி வருவேன் என்றேன், சிரித்தார். அவர் சொன்னபடி எடுத்த விதம் இது: பசளை போட்டுக் கொஞ்ச நாள் ஆகியிராத நிலத்தில் எடுக்கக்கூடாது. வரம்போரம், எருக்குவியல், சாம்பல் கொட்டிய இடம், மர நிழல் எல்லாம் விலக்கு. வளைந்து வளைந்து நடந்து பத்துப் பன்னிரண்டு இடத்தில், மேலே கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, 'வி' வடிவில் ஒரு சாண் ஆழம் வெட்டி, அந்தப் பக்கச்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பில் ஒரு சீவல். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நாலாய்ப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைக் கழித்து, அரைக் கிலோ வரும்வரை அதையே திருப்பிச் செய்து, நிழலில் உலர்த்த வேண்டும். பசளைச் சாக்கில் உலர்த்தக்கூடாது. நான் முதல் தரம் அதில்தான் பரப்பினேன். மாமா கண்டு ஏசி மறுபடி எடுக்க வைத்தார்.

2018 தொடக்கத்தில் முடிவு வந்தது. பி.எச். 4.4. பொசுபரசு மிக அதிகம். பொட்டாசியம் குறைவு. சேதனக் காபன், அதாவது உக்கிய பொருளிலிருந்து வரும் காபன், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்.

பொசுபரசு மிக அதிகம் என்ற வரியை மாமா நம்பவில்லை. இலை ஊதாவாக நிற்கிறதே என்றார். போதனாசிரியை கடதாசியில் கீறி விளக்கினார். புளித்த மண்ணில், பி.எச். 5.5க்குக் கீழே போகப் போக, களியில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம் கரைந்து வெளியே வருகிறது. அது வேர் நுனியைச் சுடுகிறது. அதே அலுமினியமும் இரும்பும் நாம் போடும் பொசுபரசைப் பிடித்துப் பூட்டியும் வைக்கின்றன. எந்த மண்ணிலும் போட்ட பொசுபரசில் அந்தப் போகத்துப் பயிர் எடுப்பது பொதுவாகக் காற்பங்கைத் தாண்டாது; மிச்சம் மண்ணில் சேர்கிறது. ஐந்து வருடம் பத்துப் போகமாக நாங்கள் பெட்டியை நிரப்பிக்கொண்டே போயிருக்கிறோம். அதைத் திறக்க வேண்டிய வேரைத்தான் புளிப்புக் கருக்கிவிட்டது.

புளிப்பு எங்கிருந்து வந்தது? கொழும்புப் பக்கத்து மண் இயல்பிலேயே புளிப்பானது. வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றரைத் தாண்டும் மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் காலங்காலமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. அதன்மேல் நாங்கள் யூரியா கொட்டினோம். யூரியா மண்ணில் அமோனியமாகி, அமோனியத்தை நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் வெளியாகிறது. பயிர் அந்த நைத்திரேற்று முழுவதையும் எடுத்தால் பாதிப்புக் குறைவு. எடுக்காமல் மழையோடு கீழே போனால், போகும்போது கல்சியத்தையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகும். அமிலம் மட்டும் மேலே தங்கும். 100 கிலோ யூரியா விட்டுச் செல்லும் புளிப்பைத் தீர்க்க ஏறக்குறைய 84 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. அமோனியம் சல்பேற்று என்றால் 110 கிலோ. நாங்கள் போட்டது பத்து மூட்டை, 500 கிலோ யூரியா. அப்படியானால் 400 கிலோவுக்கு மேல் சுண்ணாம்புக் கடன். ஒரு கரண்டிகூட நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. பி.எச். ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் 4.4 எவ்வளவு ஆழம் என்று விளங்கும்.

அன்று இரவு மாமா சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். "ஊரிலை 30 வருஷம் போட்டன், ஒண்டும் நடக்கேல்லையே" என்றார். ஊரில் நடக்காததற்குக் காரணம் காலுக்குக் கீழே இருந்தது. யாழ்ப்பாணச் செம்மண் சுண்ணாம்புப் பாறையின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. யூரியா கொண்டுவரும் புளிப்பை அந்தப் பாறை சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது. ஆனால் அங்கேயும் கணக்கு வேறு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. மிஞ்சிய நைத்திரேற்று பாறை வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கு இறங்கியது. வலிகாமத்தில் பல தோட்டக் கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேல் நைத்திரேற்று இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது; தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இதே சங்கதி இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது என்பதைப் பேராதனையில் படித்த என் மருமகன் சொல்லித் தெரிந்துகொண்டேன். ரொதம்ஸ்ரெட் என்ற ஆய்வு நிலையத்தில் புரோட்போக் என்ற வயலில் 1843 முதல் கோதுமை விதைக்கிறார்கள். செயற்கைப் பசளை மட்டுமே போட்ட பாத்திகள் இன்றும் நல்ல விளைச்சல் தருகின்றன. அந்த மண்ணில் பழைய காலத்து விவசாயிகள் சுண்ணாம்புக்கல்லைத் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள். அதே நிலையத்தின் புல்வெளிச் சோதனையில், 1856 முதல் அமோனியம் சல்பேற்றே கண்டு, சுண்ணாம்பு காணாத பாத்திகளில் பி.எச். 4க்குக் கீழே போய், செத்த புல்கூட உக்காமல் பாய் மாதிரி மேலே படிந்து கிடக்கிறதாம். ஒரே நிலையம், ஒரே மழை. இதைக் கேட்ட பிறகுதான் மாமா தன்மேல் இருந்த கோபத்தை விட்டார்.

பசளை போட்டால் மண் கல்லாகிவிடும் என்று எங்கள் கட்டிடத்தில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் மேல்மண் இறுகியது உண்மை. அதற்குப் பழி யூரியாவுக்குப் போகக்கூடாது. அறுவடை முடிந்ததும் சோளன் தட்டை முழுவதையும் வெட்டி, பாதியைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்து, மீதியை எரித்துக் காணியைத் 'துப்புரவு' செய்தோம். சோளன் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு தட்டையிலும் இலையிலும்தான் நிற்கிறது, மணியில் கொஞ்சம்தான். அதையும் மண்ணுக்கு வர வேண்டிய காபனையும் சேர்த்து நாங்களே வெளியே அனுப்பினோம். அறிக்கையில் பொட்டாசியம் குறைவு என்று வந்த காரணம் அதுதான். ரொதம்ஸ்ரெட்டில்கூட செயற்கைப் பசளை போட்ட பாத்தியில் சேதனப் பொருள், ஒன்றுமே போடாத பாத்தியைவிடச் சற்றுக் கூடத்தான். பயிர் செழித்தால் வேரும் அடிக்கட்டையும் கூட விழும். தொழுவுரம் போட்ட பாத்தியில் அது இரண்டு மடங்குக்கு மேல் என்பது வேறு விஷயம்.

சுண்ணாம்பு போடும் கதையில் ஒரு கூத்து நடந்தது. புளிப்பைத் தீர்க்கச் சொல்லியிருந்த டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் வரும்வரை பொறுக்காமல் மாமா வெள்ளையடிக்கும் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பை வாங்கி, பக்கத்துக் காணிக்காரர் கொடுத்த அரை மூட்டை அமோனியம் சல்பேற்றோடு தாச்சியில் போட்டுக் கிளறினார். ஒரே வேலையாக முடிக்கலாமே என்று. அடுத்த நிமிடம் கண் எரிந்து, மூக்கு அடைத்து, இரண்டு பேரும் கிணற்றடிக்கு ஓடினோம். அமோனியா. காசு கொடுத்து வாங்கிய நைதரசன் பாதுக்கைக் காற்றில் போனது. சுண்ணாம்பு வகையையும் அமோனியப் பசளையையும் ஒருநாளும் கலக்கக்கூடாது. யூரியாவோடும் அப்படித்தான், மணம் வரக் கொஞ்சம் நாள் எடுக்கும், அவ்வளவே. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் விடுகிறோம்.

டொலமைட் 50 கிலோ மூட்டை நாலு போட்டோம், ஹெக்டேயருக்கு இரண்டு தொன் கணக்கு. கல்சியத்தோடு மக்னீசியமும் அதில் வருவதால் மழை கழுவிய எங்கள் மண்ணுக்குப் பொருத்தம். மேலே தூவி விட்டுவிடாமல் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்தோம். கலக்காத டொலமைட் மேலேயே கிடக்கும், வேர் கீழே கருகிக்கொண்டிருக்கும். ஒரே போகத்தில் அதிசயம் எதிர்பார்த்தேன், நடக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எடுத்த மாதிரியில் பி.எச். 5.5. அந்த வருடம் சோளனுக்கு டி.எஸ்.பி. ஒரு மணிகூடப் போடவில்லை. ஊதா தானாகப் போனது. பூட்டிக் கிடந்த பொசுபரசு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நாலு போகம் டி.எஸ்.பி. வாங்காமல் மிச்சம் பிடித்த காசில் டொலமைட், மண் சோதனை, ரயில் செலவு எல்லாம் அடங்கிவிட்டன.

அப்புறம் 2021. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து வர்த்தமானி வந்து, நாடே ஒரே இரவில் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. பிறகு யூரியா கிடைக்கவும் இல்லை, கிடைத்த இடத்தில் விலை கேட்க முடியவும் இல்லை. மாமாவுக்கு இது புதிதில்லை. 90களில் யூரியா வடக்குக்கு வரத் தடை. அந்தக் காலத்தில் பூவரசும் கிளுவையும் வெட்டிக் குழை தாழ்த்தித்தான் தோட்டம் செய்தார். "அப்ப செய்தது இப்பவும் செய்வம்" என்றார்.

நான் கணக்குப் பார்த்தேன். ஒரு மூட்டை யூரியாவில் 23 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் ஒன்றரைச் சதவீதம் என்று வைத்தாலும் அதே 23 கிலோவுக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எரு வேண்டும், அதிலும் அந்தப் போகத்தில் வெளிவருவது ஒரு பகுதிதான். காசு கொடுத்து வாங்கிய எருவில் பாதி வெறும் மண், சிக்கியது போத்தல் மூடியும் கண்ணாடித் துண்டும். பெலியகொடை மரக்கறிச் சந்தைக் கழிவில் கொஞ்சம் கொண்டுவந்து நாங்களே உக்கவைத்தோம், வேலியில் கிளிரிசீடியா வெட்டித் தாழ்த்தினோம். அந்தப் போகச் சோளனின் கீழ் இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக 'வி' வடிவில் மஞ்சளாகின, நைதரசன் பசி. பொத்தி வழமையில் பாதி. ஆனால் கௌபிக்குத் தடை வந்ததே தெரியாது. முடிச்சுகள் மிளகு அளவில், கொத்தாய், பிளந்தால் இளஞ்சிவப்பு. 2018க்கு முன் அந்தத் தடை வந்திருந்தால் எங்களுக்குக் கௌபியும் இருந்திருக்காது.

இப்போது சோளனுக்கு யூரியா 20 கிலோ. முன்பு போட்டதில் பாதிகூட இல்லை, விளைச்சல் முதல் வருடங்களுக்குக் கிட்ட வருகிறது. நடும்போது கொஞ்சம், முழங்கால் உயரத்தில் பெரும்பங்கு, ஆண்பூ வர முன் மிச்சம். செடியிலிருந்து நாலு விரல் தள்ளிக் கீறி, போட்டு, மண்ணால் மூடுகிறோம்; மேலே எறிந்த யூரியாவில் ஒரு பங்கு காற்றுக்குத்தான். பெருமழை வருமென்று கண்டால் ஒத்திவைக்கிறோம். எம்.ஓ.பி.யையும் இரண்டு தரமாகப் பிரிக்கிறோம், பாதுக்கை மழை அதையும் விட்டுவைக்காது. தட்டையை நறுக்கி நிலத்திலேயே பரப்புகிறோம். பக்கத்து வீட்டு மாட்டுக்காரருக்கு இதில் மனத்தாங்கல். தட்டைக்கு ஈடாகச் சாணம் தந்தால் தருவேன் என்றேன், இப்போது தருகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதே மாதத்தில், மண் மாதிரி. 1920க்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தில் ஆலோசனை கிடைக்கும். காணி எங்கே, முன்பு என்ன பயிர் நின்றது என்ற இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

ஒரு மூலை மட்டும் இன்னும் சரிவரவில்லை. கிணற்றடிப் பக்கம் இரண்டு பேர்ச் இருக்கும். டொலமைட்டால் வந்த மாற்றத்தைப் பார்த்த மாமா, எனக்குத் தெரியாமல் மிஞ்சிய இரண்டு மூட்டையையும் அங்கே கொட்டிக் கொத்திவிட்டார். இப்போது அந்த மூலைச் சோளனில் குருத்து இலைகள் அடியில் வெளுத்து, நரம்புக்கு இரு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடுகிறது. நாகம், அதாவது துத்தநாகச் சத்து, குறையும்போது வரும் அடையாளம் அது. சுண்ணாம்பு கூடினாலும் பொசுபரசு மலிந்தாலும் சோளனுக்கு நாகம் எட்டாது. அங்கே இரண்டும் உண்டு. மாமாவிடம் சொன்னேன்.

"அப்ப கொஞ்சம் யூரியா கூடப் போட்டால் புளிச்சுச் சரி வராதே?" என்றார்.

கேள்வி பிழையில்லை. அதனால்தான் அவர் யூரியா போட முதலே, சோதனைக்கு அனுப்ப அந்த மூலை மண்ணைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். பல்கனியில், கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில்.